சராசரிக்குச் சவால் விட்ட மருத்துவர்

தலைகளை அளந்தார் ஒருவர். அந்தத் தலைகளைத் தாங்கிய உடல்களுக்கு உண்ணச் சோறும் உறங்க இடமும் தேடினார் மற்றொருவர். இருவரும் நடமாடியது ஒரே சென்னைப் பட்டணத்திலேதான். முன்னவர் இருந்தது எழும்பூரிலே. பின்னவர் இருந்தது திருவல்லிக்கேணியிலே. இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் அந்த இரண்டு எண்ணங்களுக்கும் இடையே இருந்த தூரம் இருக்கிறதே, அது கடல் கடந்து, தலைமுறை கடந்து, இன்றுவரை நீண்டு கிடக்கிற தூரம்!

எழும்பூர்க்காரர் எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். சாதி சாதியாக மக்களை நிறுத்தினார்; கருவி கொண்டு தலையின் நீளத்தை அளந்தார், மூக்கின் அகலத்தை அளந்தார். சாதிக்கொரு சராசரி கண்டார். 1909-ஆம் ஆண்டிலே 7 தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. உழைப்பு பெரிது, மறுக்கவில்லை நாம். ஆனால் அந்தக் காலத்திலே மூக்கின் அளவைக் கொண்டே மக்களின் மேன்மை கீழ்மையைக் கண்டுவிடலாம் என்று நம்பிய வெள்ளை அதிகாரிகளும் இருந்தனர். வேடிக்கை என்னவென்றால், அளக்க அளக்க ஒரே சாதிக்குள்ளேயே அகன்ற மூக்கும் வந்தது, கூரிய மூக்கும் வந்தது! சராசரி ஏட்டிலே இருந்தது. ஆட்கள் தெருவிலே தனித்தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

திருவல்லிக்கேணிக்காரர் யார்? அவர்தான் டாக்டர் சி. நடேசனார். பழைய ஏடுகளிலே நடேச முதலியார் என்றிருக்கும். நமக்கு அவர் நடேசனார். திராவிட இயக்கத்துக்கு வித்திட்டவர்களிலே ஒருவர். டாக்டர் டி. எம். நாயர், சர் பிட்டி தியாகராயர் என்று பெயர்களை அடுக்கும்போது மூன்றாவதாகச் சொல்லப்படுகிறவர்; காலக் கணக்கிலே பார்த்தால் முதலாவதாகச் சொல்லப்பட வேண்டியவர்!

1875-ஆம் ஆண்டிலே பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். நாடி பார்த்துப் பிழைத்திருக்கலாம்; நாலு காசு சேர்த்து மாடி வீடு கட்டி, மாலையிலே கடற்காற்று வாங்கி, மகிழ்ந்திருக்கலாம். அவரோ நோயாளியின் நாடியோடு நாட்டின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். நோய் தெரிந்தது.

என்ன நோய்? எண்ணிக்கையிலேயே சொல்லிவிடலாம். அன்றைய சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 கோடியே 15 லட்சம். அதிலே 4 கோடிக்குக் குறையாதவர் பார்ப்பனரல்லாதார். உத்தியோகக் கணக்கைப் பாருங்கள். டிப்டி கலெக்டர்கள் 140 பேர்; அவர்களிலே பார்ப்பனர் 77 பேர், பார்ப்பனரல்லாத இந்துக்கள் 30 பேர். 1913-ஆம் ஆண்டிலே நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேர்; அவர்களிலே பார்ப்பனர் 93 பேர், பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர். 1916 டிசம்பரிலே வெளியிடப்பட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையிலே அச்சேறிய கணக்கு இது.

கணக்கு பொய்யல்ல. அதை யாரும் பொய் என்று சொல்லவுமில்லை. சண்டை கணக்கிலே அல்ல. கணக்குக்குச் சொல்லப்பட்ட காரணத்திலே! பரீட்சை பொதுவானது, கேள்வித்தாள் பொதுவானது, வென்றவர் வந்தார், தோற்றவர் நின்றார், இதிலே அநீதி எங்கே என்றனர் ஒரு சாரார். படிப்பு அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து, உங்களுக்கு ஏரும் தறியும் தராசும்தான் பரம்பரைச் சொத்து, மூளை அப்படி அமைந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்றும் பேசினர். கூட்டத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு கூட்டத்தின் மூளையை அளந்தார்கள். பிறகு அந்த அளவைத் தூக்கி, அந்தக் கூட்டத்திலே பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் ஒட்டினார்கள். முதல் காரியமே தவறு. இரண்டாவது காரியம் கொடுமை!

திருவண்ணாமலைத் தோழர்களுக்கு இதை விளக்கப் பெரிய புத்தகம் வேண்டியதில்லை. ஒரு மூட்டை மல்லாட்டை போதும். ஒரே வித்து, பாதியை ஏரிப் பாசன நிலத்திலே விதைக்கிறீர்கள், பாதியை மேட்டுக் காட்டிலே வானம் பார்த்து விதைக்கிறீர்கள். அறுவடையிலே மேட்டுக் காட்டுச் சராசரி குறைகிறது. வித்தின்மேல் பழி போடுவானா உழவன்? தண்ணீர் வரவில்லை என்பான். இன்னொன்றும் கவனியுங்கள். மேட்டுக் காட்டு மூட்டையிலும் திரண்ட பருப்பு உண்டு; ஏரி நிலத்து மூட்டையிலும் சூம்பிய பருப்பு உண்டு. ஆகவேதான் மண்டிக்காரர் எந்த ஊர் மூட்டை என்று மட்டும் கேட்டு விலை போடுவதில்லை; மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு, உள்ளே இருப்பதைக் கையிலே எடுத்துப் பார்க்கிறார். மல்லாட்டைக்குக் கிடைக்கும் இந்த மரியாதை மனிதப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டாமா?

அந்த மரியாதையைத் தேடித் தரத்தான் எழுந்தார் நடேசனார். 1912-ஆம் ஆண்டு. சர்க்கார் அலுவலகங்களிலே பணியாற்றி, தகுதி இருந்தும் தாழ்வாரத்திலே நிறுத்தப்பட்ட பார்ப்பனரல்லாத ஊழியர்கள் சிலர் கூடிச் சென்னை ஐக்கியச் சங்கம் என்று ஒன்று கண்டனர். அவர்களுக்குத் தோள் கொடுத்து, தூணாய் நின்றவர் நடேசனார். பின்னர் சங்கத்தின் பெயர் சென்னை திராவிடர் சங்கம் என்றாயிற்று. முதியோருக்கு மாலை வகுப்பு நடத்தினர். பட்டம் பெற்ற இளைஞர்களை அழைத்துப் பாராட்டி, அடுத்து வருவோருக்கு ஆர்வம் ஊட்டினர். ஆர்ப்பாட்டம் இல்லாத வேலை. அடித்தளம் போடும் வேலை.

ஆனால் மருத்துவரின் கண் இன்னும் ஆழமாகப் பார்த்தது. பிள்ளை ஏன் படிக்கவில்லை? மூளை இல்லாததாலா? ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். நம் திருவண்ணாமலையிலே பிறந்தவன். பள்ளியிலே நன்றாகப் படித்தவன். கல்லூரி வேண்டுமென்றால் பட்டணம் போக வேண்டும். நிலத்தை அடகு வைத்து அப்பன் அனுப்புகிறான். விழுப்புரம் வழியாக இரயிலேறி எழும்பூரிலே இறங்குகிறான் பிள்ளை. எங்கே தங்குவது? சாதிக்கு ஒரு விடுதி. அவன் சாதிக்கு விடுதியில்லை. எங்கே உண்பது? பார்ப்பனர் நடத்திய உணவுக் கடைகளிலே அவனுக்குப் பந்தியிலே இடமில்லை. பத்து நாள் அலைகிறான், பசியோடு படிக்கிறான், பாதியிலே ஊர் திரும்புகிறான். அந்த ஆண்டுக் கணக்கிலே, பார்ப்பனரல்லாதாரில் தேறாதவர் இன்னும் ஒருவர் என்று ஒரு புள்ளி கூடுகிறது. கணக்கெழுதுபவருக்கு அது மூளையின் கணக்கு. நடேசனாருக்கு அது சோற்றின் கணக்கு, கூரையின் கணக்கு!

1916-ஆம் ஆண்டிலே திருவல்லிக்கேணியிலே திராவிடர் இல்லம் பிறந்தது. வெளியூரிலிருந்து படிக்க வரும் பார்ப்பனரல்லாத மாணவர் தங்கவும் உண்ணவும் ஒரு விடுதி. அரண்மனை அல்ல, ஆடம்பரம் இல்லை. ஆனால் வாதம் செய்தவர்களுக்கு அதுவே வாய் திறவாத விடை. மூளை இருக்கிறதா இல்லையா என்று மேடையிலே மல்லுக்கு நிற்கவில்லை அவர். கதவைத் திறந்து வைத்தார். வருகிறவன் எப்படிப் படிக்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

வந்தவர்கள் யார்? அங்கே தங்கிப் படித்தவர்கள் என்று இயக்க வரலாறு குறிப்பிடும் இரண்டு பெயரை மட்டும் சொல்வோம். ஒருவர் ஆர். கே. சண்முகம் செட்டியார், 1947-இலே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராக முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தவர். மற்றவர் டி. எம். நாராயணசாமிப் பிள்ளை; பின்னாளிலே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர். மூளை அமைப்பு வேறு என்று முத்திரை குத்தப்பட்ட கூட்டத்திலிருந்துதான் நாட்டுக்கே கணக்கு எழுதியவர் ஒருவர், பட்டம் வழங்கும் பீடத்திலே அமர்ந்தவர் ஒருவர்! இரண்டு பேர் எழுந்ததாலே சராசரி மாறிவிட்டதா என்று கேட்கலாம் எதிர்வாதி. மாறாது, அது உண்மை. ஆனால் சராசரியைக் காட்டி அந்த இருவரை வாசலிலே நிறுத்தியிருந்தால் இழப்பு யாருக்கு? அதைத்தான் கேட்கிறோம் நாம்.

அதே திருவல்லிக்கேணியிலே, அதே ஆண்டுகளிலே, இன்னொரு வாழ்க்கையும் நடந்தது. பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளை, கும்பகோணத்திலே வளர்ந்தவர், பெயர் இராமானுசன். கணக்கிலே கடலாழம், மற்றப் பாடங்களிலே கவனமில்லை. கல்லூரிப் பரீட்சையிலே தோற்றார், பட்டமில்லை. 1912-ஆம் ஆண்டிலே துறைமுகக் கழகத்திலே மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தர் வேலை. 1913-இலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி பட்டத்தைப் பார்க்கவில்லை, தாளிலே இருந்த கணக்கைப் பார்த்தார். 1918-இலே இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார் அந்த எழுத்தர். அவரைத் தூக்கிவிட்டது அவருடைய கூட்டத்தின் சராசரி அல்ல. கூட்டத்தின் சராசரி அவர் பரீட்சையிலே தோற்றதைத் தடுக்கவுமில்லை. ஆளைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கண்ணிலே பட்டார், பிழைத்தார். அவர் கையிலே நோட்டுப் புத்தகமாவது இருந்தது. நோட்டும் இல்லாமல், பள்ளிவாசலும் மிதிக்காமல், மாடு மேய்த்தே மறைந்துபோன இராமானுசர்கள் எத்தனை பேரோ, எந்தெந்தச் சேரியிலோ, எந்தெந்தக் குப்பத்திலோ!

கடலுக்கு அப்பாலும் இதே வழக்கு நடந்தது. பிரான்சு நாட்டிலே ஆல்பிரட் பினே என்னும் அறிஞர் 1905-ஆம் ஆண்டிலே பிள்ளைகளின் அறிவாற்றலைச் சோதிக்கும் முறை ஒன்று வகுத்தார். எதற்கு? படிப்பிலே பின்தங்கும் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் செலுத்தி உதவுவதற்கு. அறிவு ஒரே அளவிலே உறைந்து கிடப்பது என்ற எண்ணத்தை எதிர்த்தவர் அவர். 1911-இலே அவர் மறைந்தார். கருவி மட்டும் கடல் தாண்டி அமெரிக்கா சேர்ந்தது. உதவி செய்யப் பிறந்த கருவி, ஒதுக்கி வைக்கும் கருவியாயிற்று!

1917-ஆம் ஆண்டிலே, திருவல்லிக்கேணி விடுதியிலே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கப் பட்டாளத்திலே பல லட்சம் பேருக்கு இத்தகைய சோதனைகளை நடத்தத் தொடங்கினார்கள். கறுப்பருக்கு ஒரு சராசரி, வெள்ளையருக்கு ஒரு சராசரி, இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவருக்குத் தனித்தனிச் சராசரி. 1923-இலே கார்ல் பிரிகாம் என்ற பேராசிரியர் இந்தக் கணக்கைக் கொண்டு இனங்களின் மூளைக்கு ஏற்ற இறக்கம் கற்பித்து நூல் எழுதினார். அடுத்த ஆண்டே குடியேற வருவோரை நாடு வாரியாகக் கட்டுப்படுத்தும் சட்டமும் அங்கே வந்தது. ஆனால் அதே பட்டாளக் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்கள் கண்டது என்ன? பள்ளிகள் நன்றாக இருந்த வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பர், பள்ளிகள் பாழ்பட்டிருந்த தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிட உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தனர்! ஏரி நிலமும் மேட்டுக் காடும், வேறென்ன? 1930-இலே பிரிகாமே தம் முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னாளிலே ஜேம்ஸ் ஃபிளின் என்னும் அறிஞர் 14 நாடுகளின் சோதனைக் கணக்கைத் திரட்டி, ஒரே தலைமுறைக்குள் மதிப்பெண் சராசரி வெகுவாக ஏறியிருப்பதை 1987-இலே காட்டினார். ஒரு தலைமுறையிலே வித்து மாறிவிடுமா? மாறாது. மாறியது வாழ்க்கை.

திரும்பவும் நம் மருத்துவரிடம் வருவோம். சங்கமும் இல்லமும் கண்டதோடு அவர் பணி முடியவில்லை. மாநகராட்சி மன்றத்திலே மாறுபட்டு நின்ற டாக்டர் நாயரையும் தியாகராயரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்த பெருமை நடேசனாருக்கு உண்டு. 1916 நவம்பர் 20-ஆம் நாள் சென்னையிலே தலைவர்கள் கூடினர்; தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவாயிற்று; அதுவே பின்னர் நீதிக் கட்சி என்று மக்கள் வாயிலே வழங்கியது. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலிலே அந்தக் கட்சி வென்றது. அதே ஆண்டிலே தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகல் உணவு தர முடிவு செய்தது. திராவிடர் இல்லத்தின் அதே பாடம்: முதலிலே சோறு, பிறகு பரீட்சை! 2022-ஆம் ஆண்டிலே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் வரை அந்தப் பாடம் நடந்து வந்திருக்கிறது.

1921 செப்டம்பரிலே முதல் வகுப்புரிமை ஆணை வந்தது. 1928-இலே அமைச்சர் முத்தையா முதலியார் அதைச் செயலாக்கினார்: 12 இடங்கள் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

இங்கேதான் நம்மை மடக்கிவிட்டதாக எண்ணிச் சிலர் மகிழ்கிறார்கள். ஆளைத்தான் பார்க்க வேண்டும், கூட்டத்தைப் பார்க்கக் கூடாது என்கிறீர்களே, பிறகு வகுப்பு வாரியாக இடம் கேட்பது எப்படிப் பொருந்தும் என்கிறார்கள். நியாயமான கேள்வி, நழுவப் போவதில்லை நாம். கூட்டத்தின் கணக்கு எதற்குப் பயன்படும்? கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் பயன்படும். 128 முன்சீப்புகளிலே 93 பேர் ஒரே வகுப்பு என்றால், எங்கோ தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது என்று அந்தக் கணக்கு கத்துகிறது. மருத்துவர் காய்ச்சல்மானி வைப்பதைப் போல அது. காய்ச்சல்மானி நோயைக் காட்டும். நோயாளி நல்லவனா, கெட்டவனா, அறிவாளியா என்று காட்டாது. கதவைச் சோதிக்கக் கூட்டத்தின் கணக்கு. உள்ளே வந்தவனைச் சோதிக்க அவனுடைய வேலை. முன்னதை வைத்துப் பின்னதைச் சொல்லும்போதுதான் மோசம் பிறக்கிறது. வகுப்புரிமை கேட்டவர்கள் எம் வகுப்பார் அனைவரும் அறிவாளிகள் என்று கேட்கவில்லை. எம் வகுப்பிலே உள்ள அறிவாளி வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறான் என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் காய்ச்சல்மானியை நம் உடம்பிலும் வைத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. பார்ப்பனரல்லாதார் என்பது ஒரு பெருந்தலைப்பு. அதன் சராசரி உயர்ந்தபோது, அதற்குள்ளே அடிமட்டத்திலே கிடந்தவர் நிலை உயர்ந்ததா? எம். சி. ராஜா கேட்டது அந்தக் கேள்வியைத்தான். தாழ்த்தப்பட்டோருக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்று மனம் நொந்து 1923-இலே நீதிக் கட்சியை விட்டு வெளியேறினார் அவர். கசக்கிற வரலாறுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டிய வரலாறு. மேல்தட்டின் வளர்ச்சியைக் காட்டி அடித்தட்டின் பசியை மறைப்பதற்கும் பயன்படும் சராசரி! யார் கையிலே இருந்தாலும் அது கத்திதான்.

நடேசனார் சென்னைச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து தொண்டாற்றினார். அமைச்சராகவில்லை. அரியணை ஏறியவர்களை ஏற்றிவிட்ட ஏணி அவர். 1937 பிப்ரவரியிலே, நீதிக் கட்சி தேர்தலிலே வீழ்ச்சி கண்ட அதே மாதத்திலே, கண் மூடினார். சென்னை தியாகராய நகரிலே அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே காற்று வாங்க வருவோரிலே எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பெயருக்கு உரியவர் எத்தனை பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர் என்பது?

தோழர்களே! ஆலையிலே உழைப்பவர் நீங்கள். ஏரியா வேலை பார்ப்பவர் நீங்கள். மண்டியிலே மூட்டை தூக்குபவர் நீங்கள். உங்கள் பிள்ளை பள்ளியிலே குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தால், நம் பரம்பரைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் எதிரி உண்டாக்கிய சொல். உங்கள் வாயாலேயே அதை வழங்காதீர்கள். விளக்கு இருந்ததா, வயிறு நிறைந்ததா, வாத்தியார் வந்தாரா என்று முதலிலே கேளுங்கள். அதையெல்லாம் சரி செய்த பிறகு பிள்ளையைப் பாருங்கள். அந்த ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள்.

உங்களிடம் வேலைக்கு வருபவன், உங்கள் சங்கத்திலே சேர வருபவன், உங்கள் தெருவிலே குடியேற வருபவன், எவனாயினும் எந்தச் சாதி என்று கேட்டு எடை போடாதீர்கள். அக்கிரகாரத்துப் பிள்ளையானாலும் சரி, சேரிப் பிள்ளையானாலும் சரி, பிறப்பைக் கொண்டு ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பிறப்பாலே அறிவு வரும் என்ற ஆணவத்தை எதிர்த்து எழுந்த நாம், பிறப்பாலே குணம் வரும் என்று பேசினால் நடேசனாரின் விடுதியை நாமே இடித்தவர்களாவோம்.

எழும்பூரிலே அளந்த அளவுகள் ஏட்டோடு நின்றுவிட்டன. திருவல்லிக்கேணியிலே உண்ட சோறு ஒரு தலைமுறையை எழுப்பிவிட்டது. இன்னும் எழ வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் திறக்க வேண்டிய கதவுகள் இருக்கின்றன. வேலை மிச்சமிருக்கிறது, தோழர்களே!